அயல் உறுப்பு – பகுதி 7: ஒரே சுண்டெலியிடம் இரு கேள்விகள்

இதுவரை…

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே, ஒத்த இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதையும், இரட்டையர் அல்லாதோரின் உறுப்பை உடல் ஏற்கவைக்க அசாதயோபிரின் என்ற மருந்து உருவானதையும், 1963 வாக்கில் அதனுடன் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் சிறுநீரக மாற்றைப் பலர் பின்பற்றத்தக்க சிகிச்சையாக்கியதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன.

1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்று உலகை வியக்கவைத்தது. அந்த நோயாளி 18 நாள்களில் நிமோனியாவால் இறந்தார். அடுத்த ஆண்டில் பல நாடுகளில் ஏறத்தாழ 100 இதய மாற்றுகள் நடந்தன என்றாலும், பெரும்பாலான நோயாளிகள் நெடுநாள் வாழவில்லை என்பதால், 1970களின் தொடக்கத்தில் மிகச் சில மருத்துவமனைகளைத் தவிர மற்றவை அந்த முயற்சியையே நிறுத்திவிட்டன.

அறுவை நுட்பம் தோற்கவில்லை, மருந்துதான் தோற்றது. மாற்று உறுப்பை அயலானது என அடையாளம் கண்டு தாக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் பெருகுவதைத் தடுப்பதே அசாதயோபிரினின் வேலை என்றாலும், பெருகும் அணு எதுவாயினும் அதைத் தடுப்பதே அதன் இயல்பாதலால், புதிய குருதி அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே நலிந்தது. களையை ஒழிக்க வயலையே கொளுத்துவதற்கு ஒப்பான இந்தச் சிகிச்சையில், உறுப்பு நிராகரிப்பிலிருந்து தப்பிய நோயாளி, பிறருக்கு எளிதில் குணமாகும் ஒரு தொற்றுக்குப் பலியாவது வழக்கமாயிற்று.

ஸ்டீராய்டின் விலையும் குறைவன்று. அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு எலும்பு தேய்ந்தது, முகம் வீங்கியது, புண் ஆறத் தாமதமானது, குழந்தைகளின் வளர்ச்சி தடைப்பட்டது.

ஆகவே தேவைப்பட்டது இன்னும் வலிய நஞ்சு அன்று. உடலின் மற்ற அணுக்களை விட்டுவிட்டு, உறுப்பைத் தாக்கும் அணுக்களை மட்டும் தடுத்து நிறுத்தும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அப்படியொன்று ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது, அதை அதற்காக யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

✦

ஹார்டாங்கர்விடாவின் மண்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இயங்கிய சான்டோஸ் என்ற மருந்து நிறுவனம், 1950களின் இறுதியிலிருந்து பூஞ்சைகள் சுரக்கும் வேதிப்பொருள்களில் புதிய ஆன்டிபயாடிக்குகளைத் தேடிவந்தது. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் நுண்ணுயிரிகளிலிருந்தே கிடைத்திருந்த காலம் அது. எனவே உலகின் எந்த மூலையிலுள்ள மண்ணிலும் அடுத்த பெரிய மருந்து மறைந்திருக்கலாம் என்று எல்லா மருந்து நிறுவனங்களும் நம்பின.

சான்டோஸின் ஊழியர்கள் அலுவல் பயணம் போனாலும் விடுமுறைக்குப் போனாலும் சிறு பிளாஸ்டிக் பைகளை உடன் எடுத்துச் சென்று, போகுமிடத்து மண்ணை அள்ளி, இடத்தைக் குறித்துக் கொண்டுவருவது அங்கே நடைமுறையாக இருந்தது.

1969இல் அந்நிறுவனத்தின் உயிரியலாளர் ஹான்ஸ் பீட்டர் ஃபிரை, தெற்கு நார்வேயில் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலே மரமற்று விரிந்து கிடக்கும் ஹார்டாங்கர்விடா பீடபூமிக்கு விடுமுறையில் சென்றபோது அப்படியொரு பை மண்ணை எடுத்துவந்தார். அதில் வளர்ந்த பூஞ்சை, பின்னர் டோலிபோகிளாடியம் இன்ஃபிளேட்டம் என்ற பெயரால் அறியப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்த மண்ணில் கிடைத்த வேறொரு பூஞ்சையும் அதே வகைப் பொருளைச் சுரந்தது. ஆயினும் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் நன்கு வளர்ந்தது நார்வேப் பூஞ்சைதான்.

1996இல் இப்பூஞ்சையின் முழு வாழ்க்கைச் சுற்றும் தெரியவந்தபோது, அது மண்ணில் மட்டும் வாழ்வதன்று, வண்டுகளின் புழுக்களைப் பற்றி வளரும் ஓர் ஒட்டுண்ணியின் இன்னொரு வடிவம் என்பது வெளிப்பட்டது. பாசலில் அதை வளர்த்தவர்களுக்கு 1970இல் இது எதுவும் தெரியாது.

அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இது கிருமியைக் கொல்லுமா?

கொல்லவில்லை. 24-556 என்ற எண்ணிட்ட அந்தச் சாறு, சில பூஞ்சைகளின் வளர்ச்சியை மட்டும் ஓரளவு தடுத்ததேயன்றி, ஆன்டிபயாடிக்காகச் சந்தைக்குப் போகும் தகுதி எதையும் காட்டவில்லை. ஆனால் ஆய்வுக் குறிப்பில் ஒரு செய்தி தனித்து நின்றது: சாறு ஊட்டப்பட்ட விலங்குகளுக்கு ஏறக்குறைய எந்தத் தீங்கும் நேரவில்லை. பயனும் இல்லை, நஞ்சும் இல்லை என்ற நிலையில் பெரும்பாலான பொருள்கள் ஆய்வுக்கூடங்களின் குளிர்ப்பெட்டிகளில் மறக்கப்படுவதே வழக்கம்.

✦

திருப்புமுனை: 1972

24-556 மறக்கப்படாமல் தப்பியதற்கு, சான்டோஸ் அப்போதுதான் தொடங்கியிருந்த பொதுச் சல்லடைச் சோதனைத் திட்டமே காரணம். ஒரு நோக்கத்துக்காகத் தேடி அதில் தோற்ற பொருளை உடனே தள்ளிவிடாமல், வலி, வீக்கம், இரத்த அழுத்தம், புற்று, நோயெதிர்ப்பு எனப் பல துறைச் சோதனைகளின் வழியாகவும் அதை அனுப்பிப் பார்ப்பது இத்திட்டத்தின் நோக்கம்.

மருந்தியல் பிரிவின் தலைவர்களுள் ஒருவரான ஹார்ட்மன் ஷ்டேஹெலினுக்கு நோயெதிர்ப்பு பற்றிய ஆர்வம் முன்பே இருந்தது. 1960களில் இதே நிறுவனம் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த ஓவாலிசின் என்ற பொருள், எலும்பு மஜ்ஜையைப் பெரிதும் பாதிக்காமலேயே விலங்குகளின் நோயெதிர்ப்பைத் தணித்தது. ஆனால் மனிதர்களிடம் அதன் நச்சுத்தன்மை வெளிப்பட்டதால் அது கைவிடப்பட்டது. அந்தத் தோல்வி ஒன்றை மெய்ப்பித்திருந்தது: நோயெதிர்ப்பைத் தணிக்க எல்லா அணுக்களையும் நசுக்கியாக வேண்டியதில்லை.

அத்தகைய பொருளை மீண்டும் கண்டுபிடிக்க, ஷ்டேஹெலினும் சாண்டோர் லாசரியும் சிக்கனமான ஒரு சோதனையை அமைத்திருந்தனர். ஒரே சுண்டெலிக்கு இரண்டு பொருள்கள் செலுத்தப்பட்டன. ஒன்று, வேகமாகப் பெருகும் ஒரு வகை இரத்தப் புற்று அணு. மற்றொன்று, ஆட்டின் சிவப்பணு. ஆட்டின் அணு அயலானது என்பதால் சுண்டெலியின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற தற்காப்புப் புரதத்தை உண்டாக்கும். பிறகு, சோதிக்க வேண்டிய பொருள் அதே சுண்டெலிக்குக் கொடுக்கப்படும்.

இப்போது ஒரே உயிரிடம் இரு கேள்விகளைக் கேட்கலாம். ஆன்டிபாடி குறைந்ததா? புற்றின் வேகம் தணிந்து சுண்டெலியின் ஆயுள் நீண்டதா?

இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால், அப்பொருள் பெருகும் அணு எதையும் கொல்லும் நஞ்சு. அசாதயோபிரினின் இன்னொரு உறவு. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், அது பயனற்றது. முதலாவதற்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தால் மட்டுமே, நோயெதிர்ப்பை மட்டும் தொடும் பொருள் கையில் இருப்பதாகக் கருத இடமுண்டு.

1972 ஜனவரியில் 24-556இன் முறை வந்தது. ஆன்டிபாடி வெகுவாகச் சரிந்தது. புற்று அணுக்களோ எவ்விதத் தடையுமின்றிப் பெருகின.

புற்று மருந்து தேடியவர்களுக்குத் தோல்வியாகத் தெரிந்திருக்கக்கூடிய அந்த இரண்டாம் விடையே, முதல் விடைக்குப் பொருள் தந்தது. நார்வே மண்ணைக் கொண்டுவந்தது தற்செயல். ஆனால் அதிலிருந்த மருந்தை அடையாளம் கண்டது தற்செயல் அன்று, சரியான இரு கேள்விகளை இணைத்துக் கேட்கத் தெரிந்த ஒரு சோதனை.

✦

உள்ளே நடப்பது என்ன?

1970இல் சான்டோஸில் சேர்ந்திருந்த நோயெதிர்ப்பியலாளர் ழான் போரெல், இப்பொருளின் செயலை அடுத்த ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்தார். சாற்றிலிருந்து தூய்மையாகப் பிரிக்கப்பட்ட பொருளுக்கு சைக்ளோஸ்போரின் ஏ என்று பெயரிடப்பட்டது. 11 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு அது. அமினோ அமிலம் என்பது புரதங்களைக் கட்டும் அடிப்படைத் துணுக்கு. இந்த வளையத்தில் இருந்தவற்றுள் ஒன்று அதுவரை எங்கும் அறியப்படாதது.

போரெலின் சோதனைகள் காட்டிய முதன்மையான செய்தி, இம்மருந்து லிம்போசைட்டுகளைக் கொல்வதில்லை என்பதுதான். அவற்றுள்ளும் டி அணுக்கள் எனப்படும் பிரிவு, அயல் திசுவைக் கண்டதும் பெருகத் தொடங்கும் அந்தத் தொடக்கக் கட்டத்தையே இது தடுத்தது. மருந்தை நிறுத்தினால் அணுக்கள் மீண்டும் பழைய ஆற்றலைப் பெற்றன. எலும்பு மஜ்ஜைக்குக் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை.

இதன் காரணம் விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அயல் திசுவை உணர்ந்த டி அணு, இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சுரந்துதான் தன்னையும் பிற அணுக்களையும் பெருகத் தூண்டுகிறது. சைக்ளோஸ்போரின் அணுவுக்குள் நுழைந்து சைக்ளோஃபிலின் என்ற புரதத்துடன் இணைகிறது என்பது 1984இலும், அந்த இணை கால்சினியூரின் என்ற நொதியை முடக்குவதால் இன்டர்லூக்கின்-2க்கான மரபணு விழித்தெழாமலே போகிறது என்பது 1991இலும் தெரியவந்தன. சுருங்கச் சொன்னால், படை அழிக்கப்படவில்லை. படைக்கு ஆணை போகும் வழி அடைக்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்பதில் ஷ்டேஹெலினுக்கும் போரெலுக்கும் இடையே பின்னாளில் கசப்பான கருத்து வேறுபாடு எழுந்தது. உலகம் பெரும்பாலும் போரெலின் பெயரையே சொன்னது. முதல் சோதனை தம் பிரிவில் தாம் வகுத்த முறையில் நடந்தது என்பதை ஷ்டேஹெலின் தொடர்ந்து எழுதிவந்தார். மண் கொண்டுவந்தவர், பூஞ்சை வளர்த்தவர், சோதனை வகுத்தவர், வேதியியலாளர், செயலை ஆராய்ந்தவர் எனப் பலர் கைமாறிய ஒரு பொருளுக்கு ஒற்றைத் தந்தையைத் தேடுவது கடினம்.

✦

வணிகக் கணக்கு

அறிவியல் கேள்விக்கு விடை கிடைத்தபின், நிறுவனத்தின் கேள்வி எழுந்தது. இந்த மருந்தை வாங்கப்போவது யார்?

1970களின் முற்பாதியில் உறுப்பு மாற்று என்பது சில நாடுகளின் சில மருத்துவமனைகளில் நடக்கும் அரிய சிகிச்சை. அதுவும் பெரும்பாலும் சிறுநீரகத்தோடு நின்றது. மருந்து நன்றாக இல்லாததால் மாற்று அறுவைகள் குறைவு. மாற்று அறுவைகள் குறைவு என்பதால் நல்ல மருந்துக்குச் சந்தை குறைவு. ஒரு புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொண்டுசேர்க்க ஆகும் பெருஞ்செலவை இந்தச் சிறிய சந்தை ஈடுகட்டாது என்ற ஐயம் சான்டோஸுக்குள் வலுத்து, நோயெதிர்ப்பு ஆய்வே அதன் முன்னுரிமைகளிலிருந்து விலகத் தொடங்கியது.

திட்டம் கைவிடப்படாமல் காப்பாற்றியது வேறொரு நோய். மூட்டுவாதம் போன்ற அழற்சி நோய்களை விலங்குகளில் உண்டாக்கிச் சோதித்தபோதும் சைக்ளோஸ்போரின் பயன் தந்தது. மூட்டுவாத மருந்துக்குப் பெரிய சந்தை உண்டு. உறுப்பு மாற்றின் வரலாற்றையே மாற்றவிருந்த ஒரு மருந்து, மூட்டுவலி மருந்தாகலாம் என்ற எதிர்பார்ப்பின் நிழலில்தான் அந்த ஆண்டுகளைக் கடந்தது.

✦

கேம்பிரிட்ஜின் சந்தேகம்

1976இல் போரெல் தம் முடிவுகளை லண்டனில் பிரிட்டிஷ் நோயெதிர்ப்பியல் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவையில் இருந்த கேம்பிரிட்ஜ் நோயெதிர்ப்பியலாளர் டேவிட் வொயிட், ஆய்வுக்குச் சிறிதளவு மருந்து கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவர் பணியாற்றியது ராய் கால்னின் குழுவில். அசாதயோபிரின் வந்த கதையில் இத்தொடரின் வாசகர்கள் முன்பே சந்தித்த அதே கால்ன்.

அப்போது அங்கே பயிற்சியில் இருந்த கிரேக்க அறுவை மருத்துவர் ஆல்கிஸ் கோஸ்தாகிஸ், ஓர் எலியின் இதயத்தை இன்னோர் எலியின் வயிற்றில் பொருத்தும் நுண்ணிய அறுவையில் தேர்ச்சி பெற்றிருந்தார். பொருத்திய இதயம் துடிக்கிறதா என்பதை வயிற்றின் மேல் விரல் வைத்தே அறியலாம் என்பதால், புதிய மருந்தைச் சோதிக்க இது எளிய வழி.

ஆனால் மருந்து நீரில் கரையவில்லை. பலவற்றில் கரைத்துப் பார்த்தபின், தம் தாயார் கிரீசிலிருந்து அனுப்பியிருந்த ஆலிவ் எண்ணெயில் அதைக் கரைத்துக் கோஸ்தாகிஸ் வெற்றி கண்டதாகச் சொல்லப்படுகிறது. அதன் பிறகு எலிகளின் வயிற்றில் அயல் இதயங்கள், நின்றுபோக வேண்டிய நாளைக் கடந்தும் துடித்துக்கொண்டே இருந்தன.

இதயங்கள் அவ்வளவு நாள் துடிப்பதை முதலில் நம்ப மறுத்த கால்ன், சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பச் செய்தபோதும் முடிவு மாறவில்லை. நாய்களில் சிறுநீரகம், பன்றிகளில் இதயம் என அடுத்தடுத்த விலங்குகளிலும் சைக்ளோஸ்போரின் அதுவரை இருந்த மருந்துகளை விஞ்சியது. கையிலிருந்த மருந்து தீரவே, கால்னும் வொயிட்டும் பாசலுக்கே சென்று, தயாரிப்பைத் தொடருமாறு நிறுவனத்தாரிடம் வாதாடினர்.

மனிதர்களிடம் போவதற்கு முன் இன்னொரு தடை எழுந்தது. எண்ணெயில் கரைவதும் நீரில் கரையாததுமான இப்பொருள், காப்ஸ்யூலாகக் கொடுத்தபோது மனிதக் குடலில் போதிய அளவு உறிஞ்சப்படவில்லை. இரத்தத்தில் சேராத மருந்துக்குப் பயனில்லை. சான்டோஸின் ஆய்வாளர்கள் வெவ்வேறு கலவைகளைத் தாமே உட்கொண்டு பார்த்தனர். ஆல்கஹாலில் கரைத்த மருந்தைக் குடித்த போரெலுக்குச் சற்றுப் போதை ஏறியது. மருந்தும் இரத்தத்தில் ஏறியது. வழி திறந்துவிட்டது.

✦

1978: ஏழு பேர்

கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில், டயாலிசிஸ் என்ற செயற்கைக் குருதிச் சுத்திகரிப்பில் வாழ்ந்த ஏழு நோயாளிகளுக்கு, இறந்தவர்களின் சிறுநீரகங்களைப் பொருத்தி சைக்ளோஸ்போரின் கொடுக்கப்பட்டது. அந்த உறுப்புகள் திசுப் பொருத்தத்தில் அவர்களுக்கு ஒத்துப்போகாதவை. அதாவது நிராகரிப்பு நிகழ எல்லா வாய்ப்பும் இருந்தது. விலங்குச் சோதனைகளைப் பின்பற்றி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் என்ற அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது.

நிராகரிப்பு அடங்கியது. ஏழு பேரில் ஐந்து பேர் இயங்கும் புதிய சிறுநீரகத்தோடு வீடு திரும்பினர். அவர்களுள் இருவருக்கு ஸ்டீராய்டு தேவைப்படவே இல்லை. ஸ்டீராய்டு இல்லாத மாற்று அறுவை என்பது அதுவரை ஒத்த இரட்டையர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கனவாகவே இருந்தது.

ஆனால் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். இன்னொருவரின் சிறுநீரகத்தைத் தொற்று காரணமாக அகற்ற வேண்டியதாயிற்று. அதைவிடவும் குழப்பமான ஒன்று ஆய்வுத்தாள்களில் தெரிந்தது. நாய்களிலும் எலிகளிலும் தலைகாட்டாத ஒரு தீங்கு மனிதர்களிடம் வந்திருந்தது: மருந்து சிறுநீரகத்தையே வாட்டியது.

இம்மருந்து சிறுநீரகத்துக்குள் செல்லும் நுண்ணிய தமனிகளைச் சுருக்கி, வடிகட்டலுக்கு வரும் குருதியைக் குறைக்கிறது என்பது பின்னர் விளங்கியது. வடிகட்டல் குறையும்போது, தசைகளிலிருந்து கழிவாக வரும் கிரியாட்டினின் இரத்தத்தில் உயர்கிறது. சிக்கல் என்னவென்றால், உடல் உறுப்பை நிராகரிக்கும்போதும் உயர்வது அதே கிரியாட்டினின்தான்.

எனவே, ஒரு காலைப் பொழுதில் ஆய்வு முடிவில் கிரியாட்டினின் ஏறியிருந்தால், மருத்துவர் இரண்டு எதிரெதிர்ப் பாதைகளின் சந்தியில் நிற்க வேண்டியிருந்தது. நிராகரிப்புதான் காரணம் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்தின் நச்சுதான் காரணம் என்றால் குறைக்க வேண்டும். தவறாகக் கூட்டினால் நஞ்சு சிறுநீரகத்தை அழிக்கும். தவறாகக் குறைத்தால் நோயெதிர்ப்பு அதை அழிக்கும்.

1978 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளியான கால்ன் குழுவின் கட்டுரை, மருந்து நிராகரிப்பைத் தடுப்பதை உறுதிசெய்தபோதிலும், பொதுவான சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும் முன் கவனமான ஆய்வு இன்னும் தேவை என்று எச்சரித்தே முடிந்தது. 1979இல் அக்குழு 34 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. பலருடைய உறுப்புகள் நன்றாக இயங்கின. சைக்ளோஸ்போரினை மட்டுமே கொண்டு நிராகரிப்பைக் கட்டுப்படுத்த முடிந்த நோயாளிகளும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் சிலருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று தோன்றியது. காவல் தளர்ந்த உடலில் சில வைரஸ்களும் அவற்றால் தூண்டப்படும் அணுக்களும் கட்டுப்பாடின்றிப் பெருகக்கூடும் என்பது பின்னர் தெளிவானது; அப்போதோ, புதிய மருந்தே புற்றை உண்டாக்குகிறதா என்ற அச்சம் பரவியது.

உறுப்பு மாற்று மருத்துவர்கள் இரு பக்கமாகப் பிரிந்தனர். ஒரு தரப்புக்கு இது 15 ஆண்டுகளாகக் காத்திருந்த மருந்து. மறு தரப்புக்கு ஓவாலிசினைப் போல மனிதரிடம் வந்ததும் முகத்திரை விலகிய இன்னொரு நஞ்சு. 1972இல் ஒரு சுண்டெலி தந்த தெளிவான விடையை, 1979இல் மனித உடல் மங்கலாக்கியிருந்தது.

அந்த மங்கலை வேறொரு கோணத்தில் பார்த்தவர் டென்வரில் இருந்தார். தனியே கொடுக்கும்போது இவ்வளவு தேவைப்படும் மருந்தை, குறைந்த அளவில் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று தாமஸ் ஸ்டார்சல் எண்ணினார். 1963இல் அசாதயோபிரினைக் காப்பாற்றிய அதே உத்தி அது. ஆனால் ஸ்டீராய்டிலிருந்து விடுதலை தரும் என்று கால்ன் நம்பிய மருந்தை, மீண்டும் ஸ்டீராய்டோடு பிணைப்பது முன்னேற்றமா, பின்வாங்கலா? நோயெதிர்ப்பை இரு பக்கமிருந்தும் அடக்கினால் லிம்போமாவின் அச்சம் இன்னும் பெருகாதா? சிறுநீரகத்தைப் பாதிக்காத அளவுக்கு மருந்தைக் குறைத்த பின்னும், அந்தச் சிறுநீரகத்தை உடலிடமிருந்து காக்க அது போதுமா?

(அடுத்த வாரம்)